வீட்டுக் கொக்கி

முதலில் கொக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

எங்கள் கறிக்கடையின் முகப்பில் ஒரு இரும்புக் கம்பி குறுக்கே ஓடுகிறது. அதில் வரிசையாகக் கொக்கிகள். தொடை, சப்பை, நெஞ்செலும்பு என்று அன்று அறுத்த ஆட்டுக்கறியெல்லாம் அவற்றில் தொங்கும். வலது கோடியில், தராசுக்கு நேர் மேலே, மற்றவற்றிலிருந்து ஒரு சாண் விலகி இன்னொரு கொக்கி இருக்கிறது. அதற்குப் பெயர் வீட்டுக் கொக்கி. அன்றைக்கு எங்கள் வீட்டுச் சமையலுக்கு என்ன கறியோ, அதை என் வீட்டுக்காரர் கடை திறந்ததும் முதல் வேலையாக வெட்டி அங்கே மாட்டிவிடுவார். மாட்டியது மாட்டியதுதான். எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு வந்த ஒருவர், அதையாவது கொடுங்கள் என்று கெஞ்சினார். "அது எங்க வீட்டுச் சோறுங்க" என்று சொல்லி ஷட்டரை இறக்கிவிட்டார் இவர்.

அதனால் எங்கள் வாடிக்கைக்காரர்கள் கறியை அழுத்திப் பார்ப்பதில்லை, முகர்ந்து பார்ப்பதில்லை. வந்ததும் கண் அந்தக் கோடிக்குப் போகும். "வீட்டுக்கு என்ன?" என்பார்கள். சப்பை என்றால், "அதுலயே எனக்கும் ஒரு கிலோ." கடை போர்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கொக்கி எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கொக்கி காலியானது மழைக்காலம் தொடங்கியபோது. வண்டியிலிருந்து ஒரு முழு ஆட்டைத் தோளில் தூக்கி வந்தவர், பாதி வழியில் அதை இறக்கி வைத்துவிட்டு வெட்டுக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. "வாயுப் பிடிப்பு, வேற ஒண்ணும் இல்ல. ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றார். சோடா குடித்தும் வாயு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, நெஞ்சுக் குழாயில் அடைப்பு என்றார்கள். உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அங்கிருந்த லேடி டாக்டர் கேட்டார். "என்ன தொழில் செய்றீங்க?"

"கறிக்கடைங்க."

"கறி தினமும் உண்டா?"

இவருக்கு அது பெருமைப்பட வேண்டிய கேள்வியாகப் பட்டிருக்கிறது. "காலையில மட்டும் கிடையாதுங்க. காலையில ஈரல்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "விக்கறதை நான் தடுக்க முடியாது. சாப்பிடறதை நிறுத்துங்க. காய், பருப்பு, பழம். இன்னொரு தடவை அடைச்சா, ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேருவீங்களான்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது இவர் சொன்னார். "பாதிக் குடிகாரன்னு ஒருத்தன் உண்டா? விட்டா மொத்தமா விட்டுடணும். இன்னியிலேர்ந்து நம்ம வீடு சைவம்."

நானும் விட்டேன். எதிரே உட்கார்ந்து நான் எலும்பு கடிக்க, அவர் கோஸ் மெல்வதாவது.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. முட்டைக்கோஸைக் கடையிலிருந்து கொண்டு வந்த பெரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டினார். ஒரு பாதி சமையல் மேடையில் கிடந்தது, இன்னொரு பாதி கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. பீன்ஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு எலும்பும் இல்ல, சவ்வும் இல்ல. இதை எங்க பிடிச்சு எங்க வெட்டறது?" சுரைக்காயை மட்டும் மதித்தார். கையில் கனக்கிறதாம்.

ஆனால் உடம்பு சொன்னபடி கேட்டது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டு இடத்தில் நின்று ஏறியவர், நிற்காமல் ஏற ஆரம்பித்தார். தூக்கத்தில் குறட்டை குறைந்தது. நான் மனதுக்குள் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். நெஞ்சு விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது.

"கேட்டா என்ன சொல்றது?" என்றேன்.

"பித்தப்பையில கல்லுன்னு சொல்லு. கறி விக்கிறவனுக்குக் கறியாலயே நெஞ்சடைப்புன்னு தெரிஞ்சா, எவன் வந்து வாங்குவான்? வியாபாரத்துக்கு நாமளே கொள்ளி வெச்ச மாதிரி ஆயிடும்."

கல்லை எல்லோரும் நம்பினார்கள். காலிக் கொக்கிக்குத்தான் எங்களிடம் பதில் இல்லை.

எங்கள் தெருவில் ரிட்டயரான தமிழ் டீச்சர் ஒருவர் இருக்கிறார். பாதித் தெரு அவரிடம் படித்தது. அவர் எந்தக் கடையில் வாங்குகிறாரோ அதுதான் நல்ல கடை. இரண்டு முறை வந்து, "வீட்டுக்கு என்ன?" என்று கேட்டு, "இன்னிக்கு ஒண்ணும் எடுக்கலீங்க டீச்சர்" என்ற பதிலோடு வாங்கிப் போனார். மூன்றாவது முறையும் கொக்கி காலியாக இருக்க, கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார்.

"என்னப்பா, அடிக்கடி காலியா இருக்கு?"

"நாங்க விட்டுட்டோங்க டீச்சர்."

"எதை?"

இவர் கத்தியைத் துடைத்தார். "கறியை."

டீச்சர் தொங்குகிற கறியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விரித்த பையை நிதானமாக மடித்தார். "ஓ. நீங்களே விட்டுட்டீங்களா" என்றார். போய்விட்டார்.

அவர் தமிழ் டீச்சர். ஏகாரத்தை எங்கே போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு ஏகாரம் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க நடந்துவிட்டது. கடைக்காரரே சாப்பிடுவதில்லையாம். வெட்டுகிறவருக்கே தெரியாதா உள்ளே என்ன இருக்கிறது என்று. ஆட்டுக்கு ஊசி போடுகிறார்களாம். பழைய கறியாம். இதையெல்லாம் எங்கள் முகத்துக்கு நேரே வந்து சொன்னவர் ஒருவர்தான். வேன் ஓட்டுகிறவர். எதை வாங்கினாலும் மேலே இரண்டு எலும்பு கேட்பார் என்பதால் அவருக்குக் கொசுறு என்றே பெயர்.

"அண்ணே, ஊசி போட்ட ஆடுன்னு பேசிக்கறாங்க" என்றார் கொசுறு. "எனக்குக் கவலை இல்ல. ஊசி போட்ட எலும்பா இருந்தாலும் பரவாயில்ல, ரெண்டு சேத்துப் போடுங்க."

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. அன்று கடை அடைக்கும்போது தொடைகள் அப்படியே தொங்கின. அவற்றை ஐஸ் பெட்டிக்குள் அடுக்கும்போது இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் அந்தக் கறியை முகப்பில் மாட்டவும் மனம் வரவில்லை அவருக்கு. பழைய கறி என்ற பேச்சு அப்போதுதானே உண்மையாகும். தெருமுனையில் இன்னொரு கறிக்கடை உண்டு. அங்கே ஞாயிற்றுக்கிழமை வரிசை நின்றது. எங்கள் வரிசையில் கொசுறும், இரண்டு மூன்று பேரும், ஒரு பூனையும்.

அடுத்த நாள் காலையில் நான் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வீட்டுக் கொக்கியில் ஒரு முழு முன்சப்பை தொங்கியது.

"ஏங்க, இது யாருக்கு?"

"வீட்டுக்கு."

"நம்ம வீட்டுல யாரு சாப்பிடறது?"

"பாக்கறதுக்குத்தான். தொங்கட்டும்."

"சின்னதா ஒரு துண்டு மாட்டக் கூடாதா?"

"இத்துனூண்டு தொங்கவிட்டா, வீட்டுல சண்டையான்னு கேப்பாங்க."

கூட்டம் திரும்பி வந்தது. ஒரேயடியாக இல்லை. எட்டிப் பார்த்து, கேட்டு, தலையாட்டி, ஒவ்வொருவராக. டீச்சரும் வந்தார். "வயித்துக்கு இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டு அரைக் கிலோ வாங்கினார்.

ஆனால் சாயங்காலம் அந்தச் சப்பையை என்ன செய்வது? விற்க மாட்டார். அந்தக் கொக்கியில் மாட்டியதை அவர் விற்றதே இல்லை. குப்பையில் போடலாமா என்று கேட்டதற்கு, என்னை ஏதோ கொலை செய்யச் சொன்னவளைப் போலப் பார்த்தார். நான்காவது மாடித் தையல்காரம்மாவிடம் கொடுத்தேன். மறுநாள் காலையில் கொசுறு வந்து தராசில் கை ஊன்றி நின்றார்.

"என்னண்ணே, வீட்டுக் கறி ஒரு மாடி கூட ஏறிடுச்சாமே?"

ஆக அது எங்கள் வீட்டில்தான் வேக வேண்டும், அந்த வாசனை எங்கள் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஆயிற்று. விட்டதை நான் மறுபடி தின்ன ஆரம்பித்தேன். பசிக்காகவும் இல்லை, ருசிக்காகவும் இல்லை. தீர்க்க வேண்டுமே என்று. எதிரே அவர் பூசணிக்காயோடு உட்கார்ந்திருப்பார். என் தட்டைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்ப்பார். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஒரு நாள் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "குழம்பு மட்டும் ரெண்டு கரண்டி ஊத்து."

"ஏங்க."

"துண்டு வேண்டாம். துண்டு கேட்டேனா? குழம்புல என்ன இருக்கு, வெங்காயம், மிளகாய், தண்ணி. எல்லாம் சைவம்தானே."

ஒரு துண்டு கூட விழாமல் கரண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினேன். பல நாளுக்குப் பிறகு அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினார். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் கொடுமை.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. துண்டு எனக்கு, குழம்பு அவருக்கு. நான் தண்ணீரைக் கூட்டினேன். மேலே மிதக்கிற கொழுப்பைக் கரண்டியால் எடுத்துக் கொட்டினேன். "என்ன குழம்பு இது, ஆடு குளிச்சுட்டுப் போன தண்ணி மாதிரி" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்று கடையில் மனம் நொந்து வந்திருந்தார். நான் மறுநாள் பழையபடி வைத்தேன்.

மழை விட்டு வெயில் வந்தபோது, அவர் மறுபடியும் படிகளில் நிற்க ஆரம்பித்தார். நிற்கிறேன் என்று சொல்ல மாட்டார். செருப்பு வாரைச் சரி செய்வார். கைப்பிடிச் சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறதே என்பார். கடையில் ஒரு நாள் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை இடது கைக்கு மாற்றினார். யாரும் கவனிக்கவில்லை. வலது கை சட்டைக்குள் போய் நெஞ்சை ஒரு தரம் தேய்த்துவிட்டு வந்தது. வாடிக்கைக்காரரைப் பார்த்து, "தொடையா, சப்பையா?" என்று கேட்டார். குரல் சரியாகத்தான் இருந்தது. நான் காகிதத்தில் கறியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். என்ன சுற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார். திருப்பிப் பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கறி சாப்பிடறீங்களா?"

"ஒரு துண்டு கூட இல்லீங்க டாக்டர். சத்தியமா."

அது உண்மை. அதனால்தான் அவரால் அவ்வளவு நிமிர்ந்து சொல்ல முடிந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன், திறந்தேன். பொது இடத்தில் நான் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. கடையில் அவர் எடையில் தவறினால் கூட கண்ணால்தான் காட்டுவேன்.

"துண்டு சாப்பிடலீங்க டாக்டர்" என்றேன். "குழம்பு ஊத்திக்கறார்."

"எந்தக் குழம்பு?"

"கறிக் குழம்பு. தினமும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, அடுப்புல வேகறப்போ அந்தக் கறியில இருக்கிற கொழுப்பு எங்க போகும்னு நினைக்கிறீங்க? நீங்க ஒதுக்கி வெச்சது சக்கை. குடிச்சது கொழுப்பு."

தினமும் கொழுப்பையும் சவ்வையும் பிரித்து எடுக்கிற கை இவருடையது. இவருக்குத் தெரியாதா? டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். மறுபடி படம் பிடித்துப் பார்க்க நாள் குறித்தார். இந்த முறை ஸ்டென்ட்டோடு போகுமா, நெஞ்சைத் திறக்க வேண்டி வருமா என்பது அதைப் பார்த்துத்தான் தெரியும் என்றார்.

வெளியே மருந்துக் கடை வரிசையில் நின்றபோது இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "அந்தப் பொண்ணு முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட."

"உசிரு போனா மானத்தை வெச்சு என்ன செய்றதா உத்தேசம்?"

"கொக்கியைக் காலியா விட்டா கடை போயிடும். கடை போனா சோறு?"

"அந்தக் கொக்கியில தினமும் தொங்கறது கறின்னு நினைச்சுட்டிருக்கீங்க. நீங்கதான் தொங்கறீங்க."

முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். இவர் சீட்டை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எனக்கு முன்பே கடைக்குப் போய்விட்டார். நான் வழியில் காய் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கூட்டம் சேர்ந்திருந்தது. டீச்சர் முன்னால். பின்னால் கொசுறு. இவர் வெட்டுக்கட்டையில் ஒரு சப்பையை வைத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அது வீட்டுக் கொக்கிக்கு என்று எனக்குத் தெரியும். கொக்கி அதுவரை காலியாக இருந்தது.

நான் யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கையிலிருந்த துணிப் பையை அந்தக் கொக்கியில் மாட்டினேன். ஒரு நீளச் சுரைக்காய் பைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கீழே பீன்ஸ்.

கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது.

"என்னக்கா, காய்கறிக் கடை ஆக்கிட்டீங்களா?" என்றார் கொசுறு.

"வீட்டுக்கு என்னன்னு கேப்பீங்கல்ல. இதான்."

"நான் கறியைக் கேட்டேன்."

"காய்கறியும் கறிதான்" என்றேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பையின் காதுகளை ஒன்று சேர்த்தார். மடிக்கப் போகிறார்.

இவர் என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. ஸ்டூலோடு என்னைத் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கட்டையில் கிடந்த சப்பையை எடுத்தார். வீட்டுக் கொக்கியைத் தாண்டி, மற்றவற்றோடு வரிசையில் மாட்டினார். விற்கிற கொக்கியில்.

"டீச்சர்" என்றார். "எனக்குப் பித்தப்பையில கல்லு இல்லீங்க."

டீச்சரின் கை நின்றது.

"நெஞ்சடைப்பு. குழாயில கம்பி வெச்சிருக்கு. மறுபடியும் அடைச்சிருக்கலாம்னு சொல்றாங்க. கறியில ஒரு கோளாறும் இல்ல. காலையில அறுத்தது. எந்த ஊசியும் கிடையாது. கெட்டுப்போனது நான்தான்."

கட்டையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

டீச்சர் கொஞ்ச நேரம் சுரைக்காயைப் பார்த்தபடி நின்றார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். "எனக்கும் ரத்தக் கொதிப்பு இருக்கு. என்னையும் டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார்." பிறகு பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். அவர் போனது எங்கள் மேல் சந்தேகத்தினாலா, தன் மேல் பயத்தினாலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் நின்றவர்களில் சிலரும் விலகிப் போனார்கள்.

கொசுறு மட்டும் முன்னால் வந்து கட்டையருகே நின்றார். வழக்கமான சத்தம் இல்லை. "ஒரு கிலோ போடுங்கண்ணே. எலும்பு வேண்டாம்" என்றார். இவர் வெட்டி, நிறுத்து, கேட்காமலே இரண்டு எலும்பு சேர்த்துக் கட்டினார்.

அன்று ஐஸ் பெட்டி மறுபடியும் நிறைந்தது. முழுக்க இல்லை, ஆனால் நிறைந்தது. இப்படியே போனால் கடை எத்தனை நாள் தாங்கும் என்று இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம். படம் பிடிக்கிற நாள் வேறு முன்னால் நின்றது. படியில் அவர் நின்றார். செருப்பைக் குனிந்து பார்க்கவில்லை. "கொஞ்சம் இரு" என்றார். நானும் நின்றேன்.

சுரைக்காயைப் பருப்புப் போட்டு வைத்தேன். வாயில் வைத்துப் பார்த்தார்.

"உப்பே இல்ல."

"உப்பையும் குறைக்கச் சொன்னாங்க."

"எல்லாத்தையும் குறைச்சுட்டு நான் எதுக்கு இருக்கணும்?"

"இருக்கறதுக்குத்தான்."

அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். பாதி சாப்பிட்டதும் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அடுப்பில் வேறு எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். சுரைக்காயையே இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். அதையும் சாப்பிட்டார்.

மறுநாள் கடை திறந்ததும் காய்ப் பையை ஓரமாக வைத்துவிட்டு வழக்கம்போல் தரையைக் கழுவினேன். தெருவில் இன்னும் யாரும் இல்லை. அவர் கத்தியோடு வீட்டுக் கொக்கியின் கீழே போய் நின்று, வெறும் கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெட்டுக்கட்டைக்குப் போவாரோ என்று துடைப்பத்தைப் பிடித்தபடி காத்திருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"வீட்டுக்கு என்ன?" என்றார்.

"பீர்க்கங்காய்" என்றேன்.